மூன்று மீட்டர் முன்பின்

எட்டாயிரம் ரூபாய். அதற்குமேல் ஒரு பைசா கிடையாது.
களியக்காவிளையில், பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடையில்,
சாயா குடித்த சூட்டோடு ஏறினேன்.

ஷிபின் முதலில் கேமராவைத்தான் காட்டினான்.
என் முகத்தை எனக்கே காட்டி, வெளுப்பாக்கி,
கன்னத்தில் தேனீ கொட்டிய தடிப்பை
ஒரு விரலால் அழித்தான்.
இது வேண்டாம் தம்பி.
ரப்பர் காட்டுக்குள் நான் எங்கே நிற்கிறேன் என்று
சொல்கிற போன் வேண்டும்.

போன பங்குனியில், பாலோட்டுக்கு அப்பால்,
மூன்று பெட்டிகளைத் தொலைத்தேன்.
களவு போகவில்லை,
வைத்த இடம் போய்விட்டது.
எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வரிசை,
அதே சிரட்டை, அதே சாய்ந்த வெட்டு.
அடையாளத்துக்குக் கட்டிய சிவப்புத் துணியை
எவரோ அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு போயிருக்கலாம்.
எனக்கு மலையாளம் வரும்.
அந்த மரங்களுக்கு ஒரு பாஷையும் வராது.

"ஜிபிஎஸ் எல்லாத்திலயும் உண்டு சேச்சி.
மேப்பை வீட்டுலயே இறக்கி வெச்சிரணும்.
பெறகு ரேஞ்ச் இல்லேன்னாலும் சாட்டிலைட் விடாது."
அதுக்குத் தனியாக் காசா?
"மானத்துல நிக்கதுக்கு யாரு காசு கேப்பா."

ஒன்று ஏழாயிரத்து எண்ணூறு.
இன்னொன்று ஒன்பதாயிரத்து அறுநூறு.
இரண்டையும் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.
ஓடிவிடுவேனோ என்று ஷிபினும் பின்னால் வந்தான்.
நீலப் புள்ளி முதலில் சர்ச் கூரையில் ஏறியது,
அப்புறம் மீன் சந்தைக்குள் நுழைந்தது,
செக்போஸ்டைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய்,
யாரும் எதுவும் கேட்காமல் திரும்பி,
என் செருப்படியில் வந்து உட்கார்ந்தது.
இரண்டிலும் ஒரே நேரம்தான் ஆனது.

அவன் குரலைத் தாழ்த்தினான், முதலாளி காதில் விழாதபடி:
விலை குறைந்ததற்குள் திசைகாட்டி கிடையாதாம்.
நிற்கிற இடம் தெரியும், பார்க்கிற பக்கம் தெரியாது.
நாலு எட்டு வைத்தால்தான்
ஓ, இவள் இப்படிப் போகிறாள் என்று பிடிபடுமாம்.

ஒரு திசைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
நாலு எட்டுக்கு எனக்குச் செலவில்லை.

எவ்வளவு சரியாக் காட்டும்?
"மூணு மீட்டர் முன்ன பின்ன இருக்கும்."

சிரிப்பு வந்தது. அவனிடம் சொல்லவில்லை.
ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியை
மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள்.
காலையில் தீனிக்குப் போனதெல்லாம்
பழைய இடத்துக்கே திரும்பும்.
பெட்டி கண்ணெதிரே இருக்கும்.
இவை வெறுங்காற்றில், வாசல் இருந்த உயரத்தில்,
வாசலைத் தேடி மொய்த்துக்கொண்டிருக்கும்.

ஏழாயிரத்து எண்ணூறைக் கொடுத்தேன்.
மிச்ச இருநூறை உறையும் கண்ணாடியும் தின்றன.
"இதுல பாட்டு கேக்குமா?" என்றார் யோபு.
கேக்கும். முதல்ல பெட்டியை ஏத்தும்.

மாசி. ரப்பர் தளிர் விட்டாயிற்று.
பூவில் அல்ல, இலைக் காம்பில் ஊறுகிற தேன்.
இருநூறு பெட்டிகளை ஏழு எஸ்டேட்டில் இறக்கி
ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்துப் புள்ளி, ஒரு பேர்:
பாறைக்குக் கீழே. சேட்டன் கிணறு.
பாம்பு.

இன்று பொழுது சாய்ந்தபின் 'பாம்பு'க்குப் போனேன்.
நின்றால் அது ஒன்றும் சொல்லாது.
நாலு எட்டு வைத்தேன், தப்பான பக்கம்.
அம்பு திரும்பியது. நானும் திரும்பினேன்.
ஓடை, கையாலை, வழுக்குகிற சரிவு.
"நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றாள்
உள்ளே இருக்கிறவள், வெகு நிச்சயமாக.

டார்ச் அடித்தேன்.
அதே வரிசை. அதே சிரட்டை.
பெட்டி இல்லை.

டார்ச்சை அணைத்தேன். போனை மடியில் செருகினேன்.
இருட்டில் எங்கோ இடப்பக்கம்,
கைக்கு எட்டாத தூரத்தில்,
சோறு வேகிற மாதிரி
ஒரு இரைச்சல்.